பாக்கெட் வைத்த துண்டு

எட்டுதான் இருந்தது. இன்னொரு தடவை எண்ணினான், எட்டு. வாளியைக் கவிழ்த்தான், கம்ப்ரசருக்குப் பின்னால் குனிந்து பார்த்தான், குப்பைச் சாக்கில் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பெயின்ட் காய்ந்த செய்தித்தாளையெல்லாம் வெளியே இழுத்துப்போட்டான், திரும்ப வந்து எண்ணினான், எட்டு. ஒன்பது இருக்க வேண்டும். அதில் பூவரசனுக்குச் சந்தேகமே கிடையாது, வெட்டினது அவன், வெட்டுப்பட்டது அவனுடைய பள்ளிக்கூடச் சட்டையும் பேண்ட்டும். சட்டையில் ஆறு, பேண்ட்டில் மூன்று. கிலோ கணக்கில் விற்கிற பனியன் வேஸ்ட்டை வாங்கித்தான் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிற எல்லாரும் துடைப்பார்கள், ஆனால் பனியன் துணி பிசிறு விடும், அந்தப் பிசிறு ஈரப் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டால் மேலே பளபளப்புக்குக் கிளியர் அடித்த பிறகு சாம்பாரில் விழுந்த முடி மாதிரி அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். யூனிஃபாரம் துணி பிசிறாது, பாலியெஸ்டர் கலந்தது, போட்டிருந்த காலத்தில் முதுகெல்லாம் புழுங்கும், துடைக்க மட்டும் தங்கமான துணி. பன்னிரண்டாவதில் காலாண்டுப் பரீட்சையோடு நின்றவனுக்கு அந்தச் சட்டையை வைத்துக்கொண்டு வேறு என்ன வேலை, சட்டம் போட்டு மாட்டவா. எட்டையும் சிமென்ட் தரையில் அதனதன் இடத்தில் பரப்பி வைத்தான், எது இல்லை என்று தெரிவதற்காக. இரண்டு கை. முதுகு இரண்டு பாதி. வலது மார்பு. இரண்டு கால். பின்பக்கம். ஒரு பையன் மல்லாந்து கிடக்கிற மாதிரி இருந்தது, தலை கிடையாது, இடது மார்பு கிடையாது. இடது மார்பு என்றால் பாக்கெட் வைத்த துண்டு. பாக்கெட்டில் பள்ளிக்கூடத்தின் பெயரை நீல நூலில் தைத்திருப்பார்கள். போச்சு.

போச்சு என்றால் எங்கே போச்சு. போகிறதற்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு, அந்த இடம் இப்போது ஏற்காட்டு மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நவநீதன் அண்ணனுடைய வெள்ளைக் கார், பத்து வருஷத்துப் பழைய வண்டி, மூன்று வருஷமாக அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டிருக்கிறார், உயரத்தைக் குறைத்தார், சக்கரத்தை மாற்றினார், சைலன்சரை மாற்றித் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் வைத்தார், கடைசியில் பானட்டைத் திறந்தால் உள்ளே எல்லாம் வெளுத்துப்போன கறுப்புப் பிளாஸ்டிக்காக இருக்கிறதே என்று பூவரசனைத் தேடி வந்தார். இன்ஜின் கவர், பேட்டரி கவர், ஃபியூஸ் பெட்டி மூடி, ஏர் ஃபில்டர் பெட்டி, ரேடியேட்டருக்கு மேலே குறுக்காகப் படுத்திருக்கிற நீளக் கவர், எல்லாமே ரத்தச் சிவப்பில் வேண்டும். இன்றைக்கு ஏரிக்கரையில் நாற்பது வண்டி சேர்கிறது, எல்லாரும் பானட்டைத் தூக்கி நிறுத்திவைப்பார்கள், பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும். பூவரசன் நாலு கவரைக் கழற்றிவிட்டான். சோப்பு போட்டுக் கழுவி, வாட்டர் வாஷ்காரன்கள் பளபளப்புக்காக அடித்துவிட்ட எண்ணெய் போகிற வரைக்கும் தின்னரில் மூன்று தடவை துடைத்து, அதைத் துடைக்காமல் அடித்தால் பெயின்ட் குழிகுழியாக வாங்கும், நானூறாம் நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்து, எல்லாம் முறையாகத்தான் செய்தான். ரேடியேட்டர் கவரை மட்டும் கழற்றவில்லை. அதைப் பிடித்திருந்த அஞ்சு கிளிப்பில் ஒன்று ஏற்கெனவே உடைந்திருந்தது, மற்றது நாலும் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும்போல இருந்தது. அதனால் இருந்த இடத்திலேயே வைத்து அடித்தான். அடிக்கும்போது பெயின்ட் கீழே இறங்கக் கூடாது, ஏனென்றால் அந்த வண்டியில் கவருக்கு நேர் அடியில்தான் சைலன்சர் இன்ஜினிலிருந்து புறப்படுகிறது, அதன்மேல் ஒரு தகடு, வண்டியிலேயே அதிகமாகச் சுடுகிற இடம் அதுதான். சுற்றி செய்தித்தாள் ஒட்டினான். செய்தித்தாள் நிற்காத சந்தில் துணியைத் திணித்தான். மூன்றோ நாலோ.

மூன்றா நாலா. இதைத்தான் அவன் புத்தி ஒரு மணி நேரமாகப் பல்லில் மாட்டின நார் மாதிரி நெம்பிக்கொண்டிருந்தது. திணித்தது நேற்று சாயங்காலம். உருவியது இன்றைக்குக் காலை எட்டரைக்கு, அப்போது நவநீதன் அண்ணன் பின்னாலேயே நின்றுகொண்டு, "டேய், எட்டே முக்காலோட நல்ல நேரம் முடியுதுடா, எங்கம்மா ஃபோன் மேல ஃபோன் போடுது, வண்டி அதுக்குள்ள வாசலைத் தாண்டணும்," என்று சொல்லிக்கொண்டே நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். இன்னும் அரை நாள் காயட்டும்ணா என்று சொல்லிப் பார்த்தான், யாருக்கு வேண்டும் அவன் சொல். டேப்பை உரித்தான். பேப்பரைக் கிழித்தான். துணியை உருவினான், ஒன்று, இரண்டு, மூன்று, அப்போது அவர் கூப்பிட்டார், கற்பூரம் பற்றவில்லை, தீப்பெட்டி நமுத்துப்போயிருக்கிறது, வேறு கொண்டுவா என்று. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு, உள்ளே ஓடி அடுப்படியிலிருந்து வேறு தீப்பெட்டி எடுத்துவந்தான். திரும்பி வந்து மறுபடியும் கையை விட்டானா. விட்டான். இல்லை, விடவில்லை. கண்ணை மூடினால் கை உள்ளே போவது தெரிகிறது, விரல் நுனியில் தகட்டின் சில்லிப்புகூடத் தெரிகிறது, துணி பிடிபட்டு வெளியே வருகிறது. ஆனால் அந்தச் சில்லிப்பு நேற்றுத் திணிக்கும்போது பட்டதாகக்கூட இருக்கலாம். இந்தக் கொஞ்ச நேரமாக எத்தனை தடவை ஞாபகத்துக்குள் போய்ப் பார்க்கிறானோ அத்தனை தடவையும் கை துணியோடுதான் வெளியே வருகிறது, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது, முதல் தடவை நினைத்துப் பார்த்தபோது கை வெறுமனே இருந்தது, பத்தாவது தடவைதான் துணி வந்தது, இப்போது பாக்கெட்டும் நீல நூலும்கூட வருகிறது. கேட்டதைக் கேட்டபடி கொடுக்கிற புத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்ய. எலுமிச்சம்பழம் நசுங்கின சத்தம் மட்டும் சுத்தமாக ஞாபகம் இருக்கிறது. வண்டி ஒரே ஸ்டார்ட்டில் கிளம்பியது. அதில் ஒன்றும் இல்லை, கிளம்பத்தான் செய்யும். சிவதாபுரத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போய், அண்ணியையும் பாப்பாவையும் ஏற்றி, டிபன் சாப்பிட்டு, அஸ்தம்பட்டி தாண்டி அடிவாரம் போகிற வரைக்கும்கூட ஒன்றும் ஆகாது. சமதரையில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். மலை ஏறும்போதுதான். இரண்டாவது கியரில், இருபது கொண்டை ஊசி வளைவு, இன்ஜின் முக்கி முக்கி, காற்றே இல்லாமல், அந்தத் தகடு பழுக்கிற அளவுக்குச் சுடும்போதுதான். பருத்தித் துணியாக இருந்தால் கருகிப் புகைந்து தானே அணைந்தாலும் அணையும். யூனிஃபாரம் துணி உருகும். உருகிச் சொட்டும். சொட்டுகிற இடமெல்லாம் பற்றும். மேலேயே முழு நீளத்துக்குப் பிளாஸ்டிக் கவர், அதன்மேல் நேற்று அடித்த பெயின்ட், அவன் கையாலேயே மூன்று கோட்டு.

"செத்தவனுக்குக் கோடி துணி போட்ட மாதிரி என்னத்தடா பரப்பி வெச்சிருக்க," என்று கேட்டுக்கொண்டே சுகந்தி வந்தாள். அக்கா. ஞாயிற்றுக்கிழமையும் கொலுசுக்கு மணி பற்றவைத்துக்கொண்டிருந்தவள், ஊதுகுழலை ஊதி ஊதி உதடு சிவந்திருந்தது, தண்ணீர் வருகிறதா என்று குழாயைப் பார்க்க வெளியே வந்திருக்கிறாள். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தான், வாய் சொல்லிவிட்டது, துண்டு ஒன்று குறைகிறது, வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டேனோ என்னமோ, சைலன்சர் மேலே. அவள் தரையில் கிடந்ததை ஒரு தடவை எண்ணினாள். "விட்டா என்ன ஆகும்?" "ஒண்ணும் ஆகாமயும் போலாம்." "ஆனா?" "பத்திக்கும்." "வண்டில யார் யாரு?" "அண்ணன், அண்ணி, அந்தப் பாப்பா." "அப்பறம் என்ன மயித்துக்குடா குத்தவெச்சு எண்ணிட்டிருக்க. ஃபோனைப் போடு." போடுகிறேன் என்றான். "போடறேன் இல்ல, இப்பப் போடு. ஓரமா நிறுத்தச் சொல்லு. பானட்டைத் தூக்கி அந்தக் கவருக்கு அடியில ஒரு தடவை கைய விட்டுப் பாக்கச் சொல்லு. அவ்வளவுதான." "இல்லாம இருந்தா?" "இல்லாம இருந்தா நல்லதுதான." "உனக்குத் தெரியாது, கார்க்காரங்க எல்லாம் வெச்சு ஓட்டுவாங்க. மானம் போயிடும்." "உனக்கெங்கடா மானம், அதைத்தான் ஒம்பது துண்டா வெட்டிட்டியே," என்றாள், சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கையை நீட்டினாள். "நம்பரைக் குடு, நான் பேசறேன்." அங்கேதான் அவன் எழுந்து நின்றான். அக்கா பேசினால் அதைவிடக் கேவலம் வேறு கிடையாது, பெயின்டர் தம்பிக்குப் பதில் அவன் அக்கா ஃபோன் பண்ணினாளாம் என்று அது ஆயுசுக்கும் ஓடும். "நீ ஒண்ணும் பேச வேணாம். நானே பேசறேன்." "சத்தியமா?" "பேசறேன்னு சொல்றனில்ல." அதற்குள் தெருவில் குடம் உருளுகிற சத்தம் கேட்டது, தண்ணீர் வந்துவிட்டது, அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள், ஓடுகிறபோதே திரும்பி, "நான் வரதுக்குள்ள பேசியிருக்கணும்," என்றாள். மணி பத்து பத்து. இந்நேரம் அடிவாரம் செக்போஸ்ட்டில் இருப்பார்கள்.

ஃபோனைக் கையில் எடுத்தான். பேர் வந்தது, படம் வந்தது, காரின் மேல் சாய்ந்துகொண்டு கூலிங் கிளாஸ் போட்ட நவநீதன் அண்ணன். கட்டை விரல் அதன்மேல் நின்றது, அழுத்தவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் இதே விரல் அழுத்தியது. அது வேறு ஒருவருடைய வண்டி, உள்ளே எல்லாம் நீல நிறம் அடித்துக் கொடுத்தான், கொடுத்துவிட்டு வந்து சோறு தின்று கை கழுவும்போது திடீரென்று கூலன்ட் மூடியை இறுக்கினோமா என்று தோன்றியது. உடனே கூப்பிட்டான். யோசிக்கவே இல்லை, அப்போதெல்லாம் அவன் அப்படித்தான் இருந்தான். அவர் ஓமலூர் தாண்டி மாப்பிள்ளை அழைப்புக்குப் போய்க்கொண்டிருந்தார், முன்னால் மாப்பிள்ளை வண்டி, பின்னால் பதினைந்து வண்டி, அண்ணா ஒரு நிமிஷம் நிறுத்துங்கண்ணா, மூடியைப் பாருங்கண்ணா. நிறுத்தினார். பதினைந்து வண்டியும் நின்றது. பட்டு வேட்டியோடு பானட்டைத் திறந்து பார்த்தார், மூடி கல் மாதிரி இறுக்கமாக இருந்தது, வேட்டியில்தான் கறுப்பு ஒட்டிக்கொண்டது. சாயங்காலமே கார்க்காரர்கள் வாட்ஸாப் குழுவில் அந்தக் கதை வந்துவிட்டது. இன்ஸ்டாவில் அவன் ஃபோன் பேசுகிற மாதிரி போட்டிருந்த படத்தை எடுத்து, கீழே "அண்ணா ஒரு நிமிஷம்" என்று எழுதி ஸ்டிக்கர் ஆக்கினான் எவனோ. அதற்கப்புறம் யார் வண்டியில் எது கழன்றாலும் அந்த ஸ்டிக்கர்தான், டயர் பஞ்சரா, அண்ணா ஒரு நிமிஷம், பொண்டாட்டியோடு சண்டையா, அண்ணா ஒரு நிமிஷம். நாலு மாதமாக ஒரு வண்டிகூட வரவில்லை. நவநீதன் அண்ணன்தான் வந்தார், வந்தவர் சாவியைக் கையில் கொடுக்காமல் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே, "மலைல பாதி தூரம் போனப்பறம் கூப்ட்டு மூடியப் பாருனு சொல்ல மாட்டியே," என்று கேட்டார். இவனும் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான். சரியாகச் செய்தபோது கூப்பிட்டவனுக்குக் கிடைத்தது அந்தப் பெயர். இப்போது கூப்பிட்டு, அவர் வண்டியை வளைவில் நிறுத்தி, பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரன் அடித்து, அவர் கையை விட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லாமல் இருந்தால் இவன் முடிந்தான். துணி இருந்தாலும் முடிந்தான். எப்படிப் பார்த்தாலும் பூவரசனுக்கு முடிவுதான், ஒன்றில் மட்டும் மூன்று பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். இதை இவ்வளவு தெளிவாக யோசிக்க முடிந்த மனுஷன் ஏன் விரலை அழுத்த மாட்டேன் என்கிறான் என்று அவனே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான், பக்கத்து வீட்டுக்காரன் சண்டையைப் பார்க்கிற மாதிரி.

இன்ஸ்டாவைத் திறந்தான், ஏன் திறந்தான் என்று தெரியாது. நவநீதன் அண்ணன் வீடியோ போட்டிருந்தார், காலையில் கிளம்புவதற்கு முன்னால் எடுத்தது, பானட்டு மேலே போகிறது, உள்ளே சிவப்பு. நல்ல சிவப்பு. வெயில் கிளியர்மேல் பட்டு வழிந்தது, எங்கேயும் பிசிறு இல்லை, குழி இல்லை, பெயின்ட் வழிந்த ஓட்டம் இல்லை. ஒரு விநாடி எல்லாவற்றையும் மறந்துவிட்டு அதைப் பார்த்தான், நம்ம கையா இது என்று. கீழே அவன் பெயரைப் போட்டிருந்தார், பதினெட்டு வயசுப் பையன் வேலை என்று எழுதியிருந்தார், நூற்று முப்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள், யாரோ ஒருவர் தன் வண்டியையும் கொண்டுவரலாமா, நம்பர் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். அப்புறம்தான் பார்த்தான். ரேடியேட்டர் கவருக்கும் இன்ஜினுக்கும் நடுவில், கறுப்பான சந்துக்குள், வெளுப்பாக ஒன்று. நிறுத்தினான். விரலால் பெரிதாக்கினான். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது, கட்டங்களில் ஒன்று சாம்பல், ஒன்று வெள்ளை, ஒன்று இரண்டும் இல்லை. துணியாக இருக்கலாம். தகட்டில் வெயில் பட்டதாக இருக்கலாம். பின்னால் ஓட்டினான், முன்னால் ஓட்டினான், கேமரா நகரும்போது அதுவும் நகர்ந்தது, வெயிலாக இருந்தால் நகரும், துணியாக இருந்தால் நகராது, இல்லை, கேமரா நகர்ந்தால் எல்லாம்தான் நகரும். பத்து இருபத்தி ரெண்டு. இனிமேல் கூப்பிட்டால், இவ்வளவு நேரம் என்னடா பண்ணிட்டிருந்த என்று கேட்பார். அதுதான். பத்துக்குச் சொல்லியிருந்தால் அது தகவல், பத்து இருபத்தி ரெண்டுக்குச் சொன்னால் அது குற்றம். பள்ளிக்கூடத்திலும் இதேதான், வேதியியல் லேபில் கண்ணாடிக் குழாய் அவன் கை பட்டு உடைந்தது, வாத்தியார் வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான், வாத்தியார் வந்தார், அவர் சாமான் கணக்கைப் பார்த்து முடித்ததும் சொல்லலாம் என்று நினைத்தான், கணக்குப் பார்த்தார், பிறகு பக்கத்து மேஜைக்காரனைக் கேட்டார், அடித்தார், அடித்த பிறகு எப்படிச் சொல்வது. அடிபட்டவன் அழாமல் கையை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அந்த வாரத்தோடு பூவரசன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினான், படிப்பு ஏறலை என்று வீட்டில் சொன்னான், ஏறாமல் இல்லை, சுமாராக ஏறத்தான் செய்தது.

தின்னர் நாற்றம் தலைக்குள் ஏறி நெற்றி விண்ணென்றது. ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு வாசலில் நின்றான். ஓடும் காரில் திடீர் தீ. பேப்பரில் அப்படித்தான் போடுவார்கள். என்ன திடீர், எந்தத் தீயும் திடீரென்று வருவதில்லை, எங்கேயோ ஒருத்தனுக்குக் காலையிலிருந்தே தெரிந்திருக்கும், அவன் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருப்பான். பாப்பாவுக்கு நாலு வயசு, மித்ரா, காலையில் வரவில்லை, போன வாரம் வந்தாள், பெயின்ட் டப்பா மூடியைத் தொட்டுவிட்டுச் சிவப்பு விரலைத் தூக்கிக் காட்டினாள், இவன் தின்னரில் துடைத்தால் எரியும் என்று தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைத்துவிட்டான். பின் சீட்டில் அவளுக்கென்று ஒரு நாற்காலி மாட்டியிருக்கிறார், குறுக்கே இரண்டு பெல்ட்டு, அதைக் கழற்றப் பெரியவர்களுக்கே நேரம் பிடிக்கும். இதை நினைக்காதே. வேறு எதையாவது நினை. எரிந்தால் துணியும் சேர்ந்து எரிந்துவிடும் என்று நினைத்தான். பாக்கெட், நீல நூல், பள்ளிக்கூடத்துப் பெயர், எல்லாம். ஒயரில் கோளாறு என்றுதான் சொல்வார்கள், மாற்றின லைட்டு, மாற்றின ஹாரன், இந்த மாதிரி வண்டிகளில் எப்போதும் ஒயரைத்தான் சொல்வார்கள், ஒருத்தனும் அவனைக் கேட்க மாட்டான். நினைத்து முடித்த பிறகுதான் என்ன நினைத்தோம் என்று தெரிந்தது. வாயில் எச்சில் கசந்தது, சாக்கடையில் துப்பினான். நம்ம மண்டைக்குள்ளே இப்படி ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அந்தக் கூச்சத்தில்தான் விரல் அழுந்தியது. அழுத்திவிட்டு ஃபோனைக் காதில் வைத்தான், காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது, பிறகு அந்தப் பொம்பளைக் குரல், நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். மலையில் டவர் கிடைக்காது. அப்பாடா என்று இருந்தது. ஆமாம், அப்பாடா என்றுதான் இருந்தது, தோளெல்லாம் இறங்கி, வயிறு தளர்ந்து, ஒண்ணுக்குப் போய்விட்டு வந்த மாதிரி. கூப்பிட்டாச்சு. கிடைக்கவில்லை. நான் கூப்பிட்டேன், அவர்தான் கிடைக்கவில்லை. அக்காவிடம் காட்ட ஃபோனிலேயே இருக்கிறது, பத்து இருபத்தி ஒன்பது. உள்ளே வந்து தண்ணீர் குடித்தான், இடது மார்பு இல்லாத பையனைக் காலால் தள்ளிச் சுருட்டி வாளியில் போட்டான், அடுத்த வண்டிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்தான், பச்சை நன்றாக இருக்கும், அடர்த்தியான பச்சை.

ஃபோன் அடித்தது. கூலிங் கிளாஸ் போட்ட படம். நாலு தடவை அடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றான், அஞ்சாவதில் எடுத்தான். "என்னடா, கூப்ட்டியாமே, மெசேஜ் வந்துச்சு," என்றார் நவநீதன் அண்ணன், பின்னால் காற்று, யாரோ சிரிக்கிற சத்தம், வேறு வண்டிகளின் சத்தம். இவன் வாயைத் திறப்பதற்குள் அவரே, "மூடியா?" என்று கேட்டார், கேட்டுவிட்டு ஃபோனை விட்டு நகர்ந்து யாரிடமோ, "டேய், நம்ம ஒரு நிமிஷம்தான் லைன்ல," என்றார், அங்கே நாலைந்து பேர் சேர்ந்து ஓவென்று கத்தினார்கள். கேலிதான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அதிலே ஒரு பிரியம்கூட இருந்தது. "இல்லண்ணா. சும்மாதான். வண்டி எப்படி இருக்குனு கேக்கலாம்னு." "வண்டிக்கென்ன, ராஜா மாதிரி ஏறுது. பதினோராவது வளைவுல நிக்கறோம், பசங்க எல்லாம் சேர்ந்துக்கறதுக்கு. உன் வேலையத்தான் எல்லாரும் நேர்ல பாக்கணுங்கறானுங்க, நான்தான் மேல போய்த் திறக்கறேன்டானு சொல்லிருக்கேன், இப்பவே காட்டிட்டா அப்பறம் என்ன இருக்கு." திறக்கவில்லை. இன்னும் ஒருத்தரும் திறக்கவில்லை. "ஆங்," என்றான். "அப்பறம் இன்னொண்ணு. லேசா ஒரு வாசம் அடிக்குதுடா, ரெண்டு மூணு வளைவாவே. கண்ணாடிய ஏத்திட்டா தெரியுது. பிளாஸ்டிக்கு சூடான மாதிரி. புது பெயின்ட்டுதான?" அவருக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல், "ப்பா, நாத்தம்ப்பா," என்றது. அண்ணி ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. பூவரசன் கண்ணை மூடினான், கை சந்துக்குள் போனது, இந்தத் தடவை துணியும் வரவில்லை, தகடும் தட்டுப்படவில்லை, வெறும் கை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. புதுப் பெயின்ட் முதல் தடவை சூடேறும்போது வாசம் வரும். அது பொய் இல்லை. எல்லா வண்டியிலும் வரும், நீல வண்டியிலும் வந்தது, இதிலும் அதுவாகத்தான் இருக்கும், நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான். கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்திருக்கிறார் மனுஷன், வாங்கித் திருப்பிக் கொடுத்தால் போதும். "ஆமாண்ணா," என்றான். "மொத தடவ சூடாகறப்ப அப்படித்தான்ணா வரும்." "அதான் பாத்தேன். இவதான் சும்மா பயந்துக்கறா. சரி, மேல போய்ட்டு வீடியோ கால் போடறேன், எடு, உன்ன எல்லாருக்கும் காட்டறேன்." கதவு சாத்துகிற சத்தம், ஒன்று, இரண்டு, பெல்ட்டு மாட்டுகிற க்ளிக். ஸ்டார்ட் பண்ணினார். அந்தச் சைலன்சர் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி ஃபோனுக்குள் வந்தது. அது அறுந்த பிறகும் ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தான்.

சுகந்தி இடுப்பில் குடத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் தளும்பி அவள் புடவையெல்லாம் நனைந்திருந்தது. "பேசிட்டியா?" என்று கேட்டாள். "பேசிட்டேன்." "நிறுத்திட்டாங்களா?" "பதினோராவது வளைவுல நின்னாங்க." "பாத்தாங்களாமா?" "ம்." அவள் மூச்சை விட்டு, குடத்தை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டு, "இதுக்குப் போய் ஒரு மணி நேரம்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். இன்னும் ஒன்பது வளைவு. இப்போதே திரும்பக் கூப்பிடலாம், அவர்கள் நகர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அங்கே டவர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஃபோன் கையில் வெதுவெதுப்பாக இருந்தது, வெளிச்சம் ஒரு தடவை மங்கியது, பிறகு அணைந்தது, அணைந்த கண்ணாடியில் அவன் முகம் பெயின்ட் புள்ளிகளோடு தெரிந்தது. ஓரமாக நிறுத்தி, பானட்டைத் தூக்கி, அந்தக் கவருக்கு அடியில் ஒரு தடவை கையை விட்டுப் பார்க்கச் சொல்லு என்று அக்கா சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் அவள் சொல்லச் சொன்னது. அவன் சொல்லவில்லை.